விஸ்ணு சாப்பிட வந்த நாள்

தெரியாததைத் தெரியாது என்று சொல்லிப் பழகியிருந்தால், என் வாழ்க்கையில் பாதி அவமானங்கள் நடந்தே இருக்காது.

எழுபதுகளின் கடைசி. மதுரையில் ஒரு கல்லூரியில் நான் தற்காலிக வரலாற்று ஆசிரியர். ஜாவாவிலிருந்து ஒரு பேராசிரியர் வருகிறார், அவர்கள் ஊர் ஆன்மிக மரபைப் பற்றிப் பேசப்போகிறார், அதுபற்றி யாருக்காவது தெரியுமா என்று முதல்வர் கேட்டார். கை தூக்கினேன். (ஒரு கட்டுரையின் முதல் பக்கத்தைப் படித்திருந்தேன். வேலை நிரந்தரமாக வேண்டாமா?) மொழிபெயர்ப்பும் மதியச் சாப்பாடும் என் தலையில் விழுந்தன.

வந்தவர் பெயர் விஸ்ணு. எனக்கு அது போதாதா? சுத்த வைணவர் என்று முடிவுகட்டி, வெங்காயம்கூடச் சேர்க்காமல் சமைக்கும்படி அம்மாவிடம் சொல்லிவிட்டேன்.

கோச்சடையில் எங்கள் வீட்டுக்குள் நுழைந்ததும் அவர் கேட்டது, மேற்கு எந்தப் பக்கம் என்று. தொழுகை நேரமாம்.

அவர் கிணற்றடியில் கைகால் கழுவி வருவதற்குள், சுவரிலிருந்த மீனாட்சி, முருகன், பெருமாள் மூவரையும் கழற்றிக் கட்டிலுக்கு அடியில் தள்ளினேன். அம்மா கரண்டியும் கையுமாகப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

தொழுது முடித்தவர் நிமிர்ந்து பார்த்தார். சுவரில் வெள்ளையாக மூன்று சதுரங்கள், மூன்று ஆணிகள், ஓர் ஆணியில் மல்லிகைச் சரம். இங்கே இருந்தவர்கள் எங்கே, பூ வைக்கலாமென்று நினைத்தேனே என்றார். நான் குப்புறப் படுத்து ஒவ்வொருவராக வெளியே இழுத்தேன்.

சாப்பிடும்போது விளக்கினார். அவர் முஸ்லிம்தான். ஆனாலும் அவர் ஊரில் அர்ஜுனன் கதையைப் பொம்மலாட்டத்தில் பார்ப்பார்கள், முன்னோருக்குப் பூ வைப்பார்கள், ஊர்க்காவல் தெய்வத்துக்கும் பங்கு ஒதுக்குவார்கள். மஞ்சள் சோற்றைச் சுற்றி எல்லா மதத்தாரும் உட்கார்ந்து சாப்பிடுவார்கள்.

அம்மாவுக்கு அதைத் தமிழில் சொன்னேன். அவள் ரசம் ஊற்றிக்கொண்டே, "காய்ச்சல்னா கோரிப்பாளையம் தர்கால மந்திரிக்கிறோம், சரியாச்சுன்னா அய்யனாருக்குப் பொங்க வைக்கிறோம். இதுக்குப் போயா அம்புட்டுப் படிப்பு?" என்றாள்.

மறுநாள் மேடையில் அவர் ஆங்கிலத்தில் சொன்னார்: "என் மீதுள்ள மரியாதையில் ஒருவர் தம் சாமிகளையே ஒளித்துவைத்தார். எங்கள் ஊராக இருந்தால் கொஞ்சம் நகர்ந்து உட்காரச் சொல்லியிருப்போம்." 'நண்பர் ஒருவர்' என்று தமிழில் சமாளித்தேன். அவர் வாஞ்சையோடு என் தோளில் கைபோட்டுக் காட்டினார். அதற்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை. முன்வரிசையில் முதல்வர் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். வேலை நிரந்தரமாக மேலும் மூன்று வருடம் ஆனது.

பல வருடம் கழித்து என் மகளைப் பெண் பார்க்க வந்தார்கள். வாசலில் கார் நின்றதுமே அம்மா உள்ளிருந்து நிதானமாகக் கேட்டாள்.

"ஏப்பா, சாமியெல்லாம் சுவத்துலயே இருக்கட்டுமா? இல்ல, வாரவுக யாருன்னு கேட்டுட்டு வாரியா?"