மூன்றாம் திரையில் குடியேறிய ஆவி

தைபே கணினிச் சந்தையின் மூன்றாவது மாடிக்குப் போக அந்த வாரம் லிஃப்டில் கால் வைக்க இடமில்லை. சீன நாட்காட்டியின் ஏழாம் மாதம், பசித்த ஆவிகள் ஊருக்குள் உலாவும் மாதம். இந்த ஆண்டு அவை கணினிக்குள்ளும் புகுந்துவிட்டனவாம். சொன்னவர் அந்த மாடியில் ஆவி ஓட்டும் குரு சியாங். நம்பியவர்களில் பாதிப்பேர் பொறியியல் படித்தவர்கள். படித்த படிப்பை வீட்டில் பத்திரமாகப் பூட்டிவிட்டு, தள்ளுவண்டியில் கணினியை ஏற்றிக்கொண்டு வரிசையில் நின்றார்கள்.

நோய் இதுதான். மூன்று திரைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து விளையாட, திரைக்குப் படம் அனுப்பும் கிராஃபிக்ஸ் கார்டு ஒன்று போதாதென்று இரண்டு வாங்கிப் போடுகிறார்கள். இரண்டையும் சேர்த்து இயக்கியதும் மூன்றாவது திரை இருண்டுவிடுகிறது. பிட்காயின் மாதிரி இணையக் காசு தோண்டும் கொட்டகையில் ஓய்வில்லாமல் உழைத்துச் செத்த கார்டின் ஆவி என்றார் குரு. "இது புதுசு குருவே, பெட்டி பிரிக்கவே இல்லை" என்றால், "பெட்டிதான் புதுசு" என்பார். அதற்கும் தலையாட்டினார்கள்.

வைத்தியமும் இருந்தது. இருண்ட திரையின் முன்னால் தேங்காய் நொறுக்குத்தீனிப் பொட்டலம் ஒன்று வைக்க வேண்டும். பச்சை நிறம் மட்டுமே. அதன் பெயருக்கே 'சமர்த்து' என்றுதான் பொருள்; இயந்திரங்கள் சமர்த்தாக இருக்க அந்த ஊரில் எல்லாரும் வைப்பதுதான். அதைத் தொட்டு நகர்த்தினால் போச்சு. பிறகு கணினிமேல் சிவப்புத் துணியைப் போர்த்துவார். பக்தர்கள் முதுகைக் காட்டி நிற்க, துணிக்குள் கையை விட்டு முணுமுணுப்பார். திரும்பிப் பார்த்தால் மூன்றாவது திரை பளிச்! ஆவி பிடித்த இரண்டாவது கார்டு மஞ்சள் காகிதத்தில் சுற்றப்பட்டு, கடலில் கரைப்பதற்காகக் குருவின் பெட்டிக்குள் போய்விடும். ஆவிக்குப் பிடித்த கார்டுகள் எல்லாமே விலை உயர்ந்தவையாக இருந்தது ஏனென்று யாரும் கேட்கவில்லை.

டாக்ஸி ஓட்டும் ஜுவாங்குக்கும் அதே நோய். பகலெல்லாம் நெரிசலில் ஊர்ந்துவிட்டு, வீட்டில் மூன்று திரைகளில் பந்தயக் கார் ஓட்டுவது ஒன்றுதான் அந்த மனிதனுக்கு இன்பம். ஆசையாக வைத்திருந்த பைக்கை விற்று இரண்டாவது கார்டு வாங்கியிருந்தான். விடிந்தால் நகரக் கார்ப்பந்தய விளையாட்டுப் போட்டி. சொந்தக் கணினியோடு வரவேண்டும். ஒரு கார்டை வைத்துக்கொண்டு போனால் மூன்று திரையும் நொண்டும். இரண்டாவதைக் குருவிடம் கொடுக்க அவனுக்கு மனமே வரவில்லை. ஆனாலும் ஆவியோடு யார் மல்லுக்கு நிற்பது?

அவன் மனைவி பெய்-ஷான் நின்றாள். லிஃப்ட் பழுது பார்ப்பது அவள் தொழில்.

"ரெண்டு திரையை மேல் கார்டுல மாட்டி, ஒண்ணை மட்டும் ஏன் கீழ மாட்டின?"

"பாவம், ஒண்ணே எல்லா பாரத்தையும் சுமக்கலாமா? பிரிச்சுக் கொடுத்தேன்."

"என்னைக்காவது எனக்குப் பாத்திரம் கழுவிப் பிரிச்சுக் கொடுத்திருக்கியா?"

ஆடுகிற மேஜைக்காலுக்கு அவன் முட்டுக் கொடுத்திருந்த கையேட்டை உருவிப் படித்தாள். இந்த வகைக் கார்டுகளைச் சேர்த்து இயக்கினால் மூன்று திரைகளையும் மேல் கார்டில்தான் மாட்ட வேண்டும். கீழ் கார்டு கணக்குப் போட மட்டும் கைகொடுக்கும். அதில் திரையை மாட்டினால் இருட்டுதான். அப்படியே எழுதியிருந்தது. கேபிளை மாற்றினாள். மூன்றும் எரிந்தன.

ஜுவாங் மகிழவில்லை. "ஆவி சும்மா கண் அசந்திருக்கு. நாளைக்குப் பந்தயத்துக்கு நடுவுல முழிச்சுக்கிட்டா?"

அவள் அவனை ஏற இறங்கப் பார்த்தாள். "சரி, கிளம்பு. உன் குருவையே கேட்போம்."

சந்தையில் அவளே எல்லாவற்றையும் மாட்டினாள், இடது திரையின் முன்னால் பச்சைப் பொட்டலத்தையும் அவளே பயபக்தியோடு நிறுத்தினாள். கணினியைப் போட்டதும் இடது திரை இருட்டு. ஜுவாங் மனைவியின் முதுகுக்குப் பின்னால் ஒதுங்கினான். "பார்த்தியா, நான் சொல்லல?"

துணி போர்த்தப்பட்டது. கூட்டம் திரும்பி நின்றது. வழக்கத்தைவிட முணுமுணுப்பு நீண்டது. கடைசியில் குரு இரண்டாவது கார்டைப் பிடுங்கி மஞ்சள் காகிதத்தில் சுற்றிவிட்டுக் கணினியைப் போட்டார். இருட்டு. அணைத்துவிட்டு மறுபடி துணிக்குள் போனார். வெளியே வந்தபோது நெற்றியெல்லாம் வேர்வை.

"பொல்லாத ஆவி. மேல் கார்டுக்குத் தாவிடுச்சு. ரெண்டையும் கொடுத்துடுங்க."

"ரெண்டையும் கொடுத்துட்டு நான் நாளைக்கு எதை வச்சு ஓட்டறது?" ஜுவாங் கணினியைக் கட்டிப் பிடித்துக்கொண்டான். வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு குருவிடம் கேள்வி கேட்டுவிட்டான்.

பெய்-ஷான் பொட்டலத்தை நோக்கிக் கையை நீட்டினாள்.

"தொடாதே! செத்துப்போவ!" என்று குரு அலறினார்.

அவள் பொட்டலத்தைத் தூக்கினாள். சாகவில்லை. அதன் பின்னால் மறைந்திருந்த திரையின் சுவிட்சை அழுத்தினாள். இடது திரை எரிந்தது.

"நான்தான் அணைச்சு வச்சேன். கேபிள் மூணும் சரியாத்தான் இருக்கு. இவர் துணிக்குள்ள தினமும் பண்றதே கீழ் கார்டு கேபிளை மேல மாத்தறதுதான். இன்னைக்கு மாத்த எதுவும் இல்லை, பாவம்! சுவிட்சைப் பார்க்கணும்னு அவருக்கே தோணல. பொட்டலத்தை நகர்த்தக்கூடாதுன்னு சட்டம் போட்டவரே அவர்தானே!"

மஞ்சள் காகிதத்தைப் பிரித்து, கார்டைத் திரும்பச் செருகினாள். பந்தயச் சாலை மூன்று திரைகளிலும் தடங்கலில்லாமல் விரிந்தது. ஜுவாங்குக்குக் கண் கலங்கிவிட்டது. வரிசையிலிருந்த ஒருவர் குருவின் பெட்டியைத் திறந்தார். கடலுக்குப் போகவேண்டிய கார்டுகளில், குருவின் மைத்துனன் கீழ்த்தளத்தில் வைத்திருக்கும் கடையின் விலைச்சீட்டு முன்னதாகவே ஒட்டியிருந்தது. படிக்கட்டில் இறங்கி ஓடிய குருவை எந்த ஆவியும் காப்பாற்ற வரவில்லை.

கூட்டத்தில் ஒருவருக்கு மட்டும் சந்தேகம் தீரவில்லை. "ஏம்மா, அந்தப் பொட்டலத்துக்கு ஏதோ சக்தி இருக்குல்ல?"

"இருக்கு" என்று பெய்-ஷான் அதைப் பிரித்து ஒரு பிடி வாயில் போட்டுக்கொண்டாள். "பசி தீர்க்கும். உங்க எல்லார் தலைக்குள்ளயும் ஒரு சுவிட்ச் இருக்கு. அதுக்கு முன்னாடி இப்படி ஒரு பொட்டலத்தை நிறுத்திட்டு, இருட்டா இருக்கேன்னு ஏன் அழறீங்க?"