அரசவையில் என் ஆராய்ச்சி

பயந்த சுபாவம் உள்ளவர்கள் ஆராய்ச்சிப் பக்கமே தலைவைத்துப் படுக்கக் கூடாது. இதை நான் அனுபவித்துச் சொல்கிறேன். எனக்குப் பல்லி என்றால் பயம், பஸ் கண்டக்டர் என்றால் பயம், மாதா கோயிலில் பாவசங்கீர்த்தனம் என்றால் பயம் (சொல்லிக்கொள்ளும்படி ஒரு பாவமும் செய்யவில்லையே, சாமியார் நம்புவாரா என்ற பயம்). ஆராய்ச்சி என்றால் மின்விசிறிக்கு அடியில் உட்கார்ந்து புத்தகம் புரட்டுவது என்று நினைத்துத்தான் அதில் போய் விழுந்தேன்.

எழுபதுகளின் தொடக்கம். ராயபுரத்திலிருந்து கல்லூரிக்குப் போய் தமிழ் எம்.ஏ. படித்துக்கொண்டிருந்தேன். எங்கள் புரொபசர் எனக்குக் கொடுத்த தலைப்பு, தங்கவேலு வாத்தியார் என்ற நாடக ஆசிரியரின் நாடகங்கள். வாத்தியார் காலமாகிப் பல வருஷம் ஆகியிருந்தது. அவர் எழுதிய எதுவும் அச்சேறவில்லை. கையெழுத்துப் பிரதிகள் எல்லாம் தண்டையார்பேட்டையில் இருந்த ஒரு நாடகக் கொட்டகையில்தான் இருந்தன.

நாடகக் கொட்டகை என்ற சொல்லையே எங்கள் வீட்டில் சொல்லக் கூடாது. என் நைனா துறைமுகத்தில் கிரேன் ஓட்டுபவர். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் பூசைக்குப் போகிறவர். "கூத்தாடிங்க கொட்டாய்ல கால வெச்சா, அப்பறம் என் வூட்ல கால வெக்காதீங்க" என்பது அவர் சட்டம். அம்மாவிடம் மட்டும் விஷயத்தைச் சொன்னேன். "நைனாக்கு நீ லைப்ரரிக்குப் போறே. எனக்கும் நீ லைப்ரரிக்குத்தான் போறே. போ" என்றாள் அம்மா.

கொட்டகை முதலாளி பெயர் கஜபதி. நாடகக் குழுவும் அவருடையது, ராஜா வேஷமும் அவருடையது. ஆறடி உயரம், உருட்டி வைத்த கண், பேசினால் தகரக் கூரை அதிரும் குரல். முதல் நாள் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"இன்னாம்மே, எந்தக் கம்பெனிக்காரன் அனுப்சான் ஒன்னிய?"

"கம்பெனி இல்லீங்க. நான் காலேஜ் ஸ்டூடண்ட்."

"போன தபா வந்தவனும் அதான் சொன்னான். ஒக்காந்து முழு நாடகத்தையும் காபி அடிச்சுகினு போயி, திருவொத்தியூர்ல போட்டுட்டான். என் நாடகத்த நானே டிக்கெட் வாங்கிப் பாத்தேன், தெரியுமா?"

புரொபசரின் கடிதத்தைத் தலைகீழாகவும் பிடித்துப் பார்த்துவிட்டு, கடைசியில் சம்மதித்தார். ஒரு நிபந்தனை. பிரதிகள் இருக்கும் அறைக்குள் என்னை விட்டு வெளியே பூட்டிவிடுவார். வேலை முடிந்ததும் கதவைத் தட்ட வேண்டும். திறந்து, பையைச் சோதித்து, அனுப்பி வைப்பார்.

அந்த அறை மேடைக்குப் பின்புறம் இருந்தது. சுவர் ஓரமாகத் தகரப் பெட்டிகள். அவற்றுக்குள் கரையான் தின்றது போக மீதிப் பிரதிகள். பெட்டிகளுக்கு மேலே காகிதக் கூழில் செய்த ஓர் அரக்கன் தலை, வெட்டுப்பட்ட கழுத்தில் சிவப்பு வர்ணத்தோடு. நான் எந்தப் பக்கம் உட்கார்ந்தாலும் அது என்னையே பார்த்தது. அதற்கு முதுகைக் காட்டி உட்காரவும் பயம். ஆகவே அதைப் பார்த்தபடியே பொட்டலத்தைப் பிரித்து எலுமிச்சம் சாதம் சாப்பிட்டேன்.

பயத்தையும் மீறி எனக்கு ஒரு விஷயம் பிடிபட்டது. வாத்தியாரின் நாடகம் ஒன்றில், எண்ணூர்ப் பக்கம் உப்பளங்களைப் பறித்துக்கொள்ளும் ராஜா ஒருவன் வருகிறான். பழைய பிரதியில், உப்பளத்துக்காரி ஒருத்தி, விதவை, அரசவைக்குள் நுழைந்து அவனைச் சபிக்கிறாள். பிந்தைய பிரதிகளில் அவளைக் காணோம். பழைய பிரதியிலேயே அவள் காட்சியைச் சிவப்புப் பென்சிலால் அடித்திருந்தது. நாடகத்தின் உயிரே அவள்தான். வாத்தியார் ஏன் அடித்தார்? கஜபதியிடம் கேட்டேன். கண்ணை இன்னும் கொஞ்சம் உருட்டி, "அது ஒனக்கு எதுக்கு?" என்றார். எனக்கு எதுக்கு என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. அப்புறம் கேட்கவில்லை.

சம்பவம் நடந்தது ஒரு சனிக்கிழமை. மத்தியானம் போனேன். "சாயங்காலம் நாடகம் கீது. சீக்கிரமா முட்ச்சுக்க" என்று சொல்லிப் பூட்டிவிட்டுப் போனார் கஜபதி. நான் உப்பளத்துக்காரியின் வசனத்தை நோட்டில் எழுதி, வாய்விட்டுச் சொல்லிப் பார்த்து, மறுபடி எழுதி, நேரத்தை மறந்துபோனேன். நிமிர்ந்தபோது ஜன்னலில் வெளிச்சம் இல்லை. கதவைத் தட்டினேன். வெளியே ஆர்மோனியமும் தபேலாவும் சுருதி சேர்த்துக்கொண்டிருந்தன. இன்னும் பலமாகத் தட்டினேன். தபேலாக்காரர் என் தட்டலை ஒரு தாளமாக எடுத்துக்கொண்டிருக்க வேண்டும். அவரும் பலமாகத் தட்டினார்.

ஷிப்டு முடிந்து நைனா வீட்டுக்கு வந்திருப்பார். "லைப்ரரி இந்நேரம் வரைக்கும் தொறந்துகினு கீதா?" என்று கேட்டிருப்பார். இருட்டில் அந்த அரக்கன் தலை வேறு. பல்லி ஒன்று சத்தமிட்டது. இனி ஒரு நிமிஷம் இங்கே இருந்தால் என்னைத்தான் ஆராய்ச்சி செய்வார்கள், சர்க்கார் ஆஸ்பத்திரியில் என்று தோன்றியது.

சுவரைத் தடவிக்கொண்டே போனபோது, பெட்டிகளுக்குப் பின்னால் ஒரு சின்னக் கதவு கையில் பட்டது. வெறும் தாழ்ப்பாள்தான். பெட்டிகளை இழுத்துத் தள்ளினேன். வருஷக்கணக்கான தூசியும் ஒட்டடையும் என் தலையில் கொட்டின. பின்னலும் அவிழ்ந்துபோனது. கதவைத் திறந்தால் அந்தப் பக்கமும் இருட்டு. எதிரே துணியில் ஒரு நீளக் கிழிசல், அதன் வழியே வெளிச்சம். வெளியே போகும் வழி என்று நினைத்து வேகமாகப் போனேன்.

அது கிழிசல் அல்ல. படுதாவில் வரைந்த அரண்மனையின் வாசல், நடிகர்கள் மேடைக்குள் வர வெட்டி வைத்தது.

அந்த நொடியில்தான் சிம்மாசனத்துக்கு முன்னால் கிரீடத்தோடு நின்ற கஜபதி கர்ஜித்தார்: "யாரங்கே!"

கூப்பிட்டால் பதில் சொல்ல வேண்டும் என்று வளர்க்கப்பட்டவள் நான். "நான்தாங்க" என்றேன்.

கஜபதி திரும்பினார். அவர் பார்த்த என் கோலம்: வெள்ளை வாயில் சேலை, அவிழ்ந்த தலைமுடி, உடம்பெல்லாம் சாம்பல் பூசினாற்போல் தூசி. அவர் முகத்தில் பூசியிருந்த ரோஸ் பவுடரையும் மீறி முகம் வெளுத்ததை நான் பார்த்தேன். இரண்டடி பின்வாங்கி, சிம்மாசனத்தில் பொத்தென்று உட்கார்ந்தார்.

கூட்டத்தில் சலசலப்பு. "இன்னா மாமு, பேயி கண்ணாடி போட்டுகினு கீது!" என்று ஒருவர் சொன்னது தெளிவாகக் கேட்டது. சத்தம் வந்த பக்கம் பார்த்தேன். பார்த்திருக்கக் கூடாது. அன்றைய நாடகம் துறைமுகத் தொழிலாளர்களுக்காக ஏற்பாடு செய்தது என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. நாலாவது வரிசையில், மடியில் வேர்க்கடலைப் பொட்டலத்தோடு, என் நைனா.

கடலையை வாய்க்குக் கொண்டுபோன கை அப்படியே நின்றிருந்தது.

ஓட நினைத்தேன், எந்தப் பக்கம் என்று தெரியவில்லை. மூளையில் மிச்சம் இருந்தது மத்தியானம் முழுக்க எழுதிய வசனம் மட்டும்தான். அது தானாகவே வாயில் வந்தது.

"அரசே, நான் உப்பு விளைத்தவள். என் கண்ணீரில் காய்ந்த உப்புதான் உன் சோற்றில் கிடக்கிறது. இனி நீ விழுங்கும் ஒவ்வொரு கவளமும் உன் தொண்டையில் நின்று என் பெயரைச் சொல்லும்."

கையில் இன்னும் பென்சில் இருந்தது. சாபமிடுவதுபோல் அதை அவரை நோக்கி நீட்டிக்கொண்டிருந்தேன் என்று பிற்பாடு சொன்னார்கள்.

பழைய பிரதியின்படி ராஜா இப்போது "இவளைச் சிறையில் தள்ளுங்கள்" என்று உறும வேண்டும். கஜபதி கையெடுத்துக் கும்பிட்டார்.

"எட்த்துக்க தாயே! எல்லா உப்பளத்தையும் நீயே எட்த்துக்க! என்னிய வுட்டுடு!"

கதையே அந்த உப்பளத்தைப் பற்றித்தான். அதை ராஜா இரண்டாவது காட்சியிலேயே கொடுத்துவிட்டால் மேற்கொண்டு நாடகம் ஏது? ஆனால் கூடியிருந்தவர்களுக்கு அதைப்பற்றிக் கவலை இல்லை. ஏழைப் பொம்பளை கேட்டாள், ராஜா கொடுத்துவிட்டான். கொட்டகை இடிந்து விழும்படி விசில். துண்டுகள் பறந்தன. திரை இழுப்பவர் இதற்குமேல் என்ன செய்வது என்று தெரியாமல் திரையை இறக்கிவிட்டார்.

உள்ளே கஜபதி ஒரு செம்புத் தண்ணீரைக் கிரீடத்தோடு அண்ணாந்து குடித்தார். அப்புறம்தான் என்னை அடையாளம் தெரிந்தது.

"நீயா? நான் பூட்டிகினு வந்தேனே! யாரு ஒன்னிய மேடைக்கு அனுப்சது? வாத்தியாரா?"

"இல்லீங்க, புரொபசர்" என்றேன்.

என் பதிலைக் கேட்டு அவர் சிரித்தாரா அழுதாரா என்று இன்றுவரை எனக்குத் தெளிவில்லை. ஆனால் நான் கேட்காமலே விஷயத்தைச் சொன்னார். அந்தச் சாபத்தை மேடையில் கேட்ட ஒவ்வொரு தடவையும் அவருக்கு ஜுரம் வந்ததாம். சோறு இறங்கவில்லையாம். காலில் விழாத குறையாகக் கெஞ்சி, அந்தக் காட்சியை வாத்தியார் கையாலேயே அடிக்க வைத்தாராம். "வெளிய சொல்லிடாதம்மா. ராஜபார்ட்டு பயந்தான்னா எவன் டிக்கெட் வாங்குவான்?" அந்த உருட்டுக் கண்ணுக்குள்ளும் என்னைப்போல் ஒருத்தி உட்கார்ந்திருக்கிறாள் என்று எனக்குத் தெரிந்தது. அதற்குள் நைனா வந்து நின்றார். தலையை ஆட்டி, வா என்றார்.

கொட்டகையிலிருந்து ராயபுரம் வரை நடந்தோம். அவர் முன்னால், நான் பின்னால். படிப்பு போச்சு, வீடு போச்சு, அடுத்த மாதமே யாருக்காவது கட்டிக்கொடுத்துவிடுவார் என்று அழுதுகொண்டே நடந்தேன். மாதா கோயில் தெருமுனையில் அவர் நின்றார். நானும் நின்றேன்.

"நான் சங்கத்து மீட்டிங் போயிருக்கேன்னு அம்மாகிட்ட சொல்லிட்டு வந்தேன்" என்றார், என் முகத்தைப் பார்க்காமல். "நீ லைப்ரரி. சர்தானே?"

தலையாட்டினேன். இரண்டடி நடந்தவர் மறுபடி நின்றார்.

"ஆனா அந்தச் சாபம் குட்த்தே பாரு, அத்த இன்னும் கொஞ்சம் கத்திச் சொல்லியிருக்கலாம். பின்னால ஒக்காந்தவனுக்கு ஒண்ணுமே கேக்கல."

ரகசியம் ஒரு ராத்திரிகூட நிற்கவில்லை. நைனாவோடு வேலை செய்தவர்கள் எல்லாரும் அங்கேதான் இருந்தார்கள். அம்மா இரண்டு பேரையும் நிற்க வைத்துக் கேட்ட கேள்விகளை இங்கே எழுத முடியாது. பட்டம் எனக்குக் கிடைத்தது. உப்பளத்துக்காரியின் காட்சியை அடித்ததற்கு ஆய்வேட்டில் நான் எழுதிய காரணம், "நடிகரின் உடல்நிலை".

மூன்று வருஷம் கழித்து எனக்குக் கல்யாணம். கோயிலில் சாமியார் சம்மதமா என்று கேட்டார். வழக்கமான பயத்தில் என் உதட்டைத் தாண்டாமல் "சம்மதம்" என்றேன். கடைசி பெஞ்சுகளை நிறைத்திருந்த கிரேன்காரர்களில் ஒருவர் எழுந்தார்.

"பின்னால கேக்கலம்மா!"

சாமியார் உட்பட எல்லாரும் சிரித்தார்கள். நைனா முதல் வரிசையில் தலையைக் குனிந்து, தோள் குலுங்க உட்கார்ந்திருந்தார். எனக்கு வந்த கோபத்தில் பயம் எங்கோ ஓடிவிட்டது. கத்தினேன்.

என் வீட்டுக்காரர் இன்றைக்கும் வீட்டுக்கு யார் வந்தாலும் காபி ஆறுவதற்குள் இதைச் சொல்லிவிடுகிறார். "எல்லாப் பொண்ணுங்களும் ஒரு தடவதான் சம்மதம் சொல்லுவாங்க. இவ எனக்கு ரெண்டு தடவ சொன்னவ. ரெண்டாவது தடவ சொன்னது காசிமேடு வரைக்கும் கேட்டுது."