அல்காரிதம் அடிகளின் அலைவரிசை

மெத்தைக் கடைக்கு மேல் மாடியில் அல்காரிதம் அடிகள் குடியேறிய நாளிலிருந்து, கீழே மெத்தை வாங்க ஆள் வரவில்லை. வந்தவர்கள் எல்லாரும் மாடிப்படியில் நின்றார்கள். வரிசை படியிறங்கி, நடைபாதையில் நீண்டு, தெருவைச் சுற்றிக்கொண்டு மறுபடியும் மெத்தைக் கடை வாசலுக்கே வந்து சேர்ந்தது. முன்னால் நின்றவரின் முதுகைப் பார்த்தபடியே நகர்ந்துகொண்டிருந்த ஒருவர், மாலையில் தன் முதுகையே தொட்டுவிட்டாராம். நான் நேரில் பார்க்கவில்லை. பார்த்தவரை எனக்கு நன்றாகத் தெரியும்.

அடிகள் தாடி வளர்க்கவில்லை, அங்கி அணியவில்லை. மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை, கறுப்புக் கண்ணாடி, காதில் ஒரு ஒயரில்லாத ஒலிக்கருவி. அதில் கிரிப்டோ காயின் சந்தையின் நாடித்துடிப்பு கேட்கிறது என்றார். அவர் தலை ஆடிய தாளத்தைப் பார்த்தால் சந்தைக்கு நல்ல சங்கீத ஞானம் இருந்திருக்க வேண்டும்.

அவர் முதலில் அவதரித்தது இணையத்தில், 'அறிவியலும் அலசலும்' என்ற குழுவில். அங்கே நடக்காத விவாதம் கிடையாது. படங்கள் நிறைந்த போன் கூடுதலாகக் கனக்குமா? நிலா உள்ளே காலியா? திரை உடைந்த போனில் வாங்கிய காயினுக்கும் கீறல் விழுமா? கேட்டவர் ஒருவர், பதில் சொன்னவர் நூறு பேர், அங்கே பகிர்ந்த கட்டுரையைத் திறந்து படித்தவர் எவருமில்லை. இந்த இரைச்சலுக்கு நடுவே அடிகள் வாதாடவே இல்லை. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக ஒரு செய்தி அனுப்பினார். எனக்குக் காட்டியவர்களின் போனில் இருந்தது: 'வால்மீன் காயின் நாளை ஏறும்.' மறுநாள் ஏறியது. அவ்வளவுதான். நிலாவை அப்படியே தொங்கவிட்டுவிட்டு, விவாதித்தவர்களில் பாதிப் பேர் சந்தா கட்டினார்கள். மீதிப் பாதி ஏனோ அன்றிலிருந்து பேச்சுமூச்சில்லாமல் ஆனது. அவர்களைத் தேட யாருக்கும் நேரமில்லை.

சந்தா கட்டியவர்களுக்குத் தினமும் மாலை ஏழு மணிக்கு வாக்கு வரும். ஒரே சொல். ஏறும், அல்லது இறங்கும். அதைப் படிக்க ஒரு முறை உண்டு. சுவரைப் பார்த்து நிற்க வேண்டும். தனியாகப் படிக்க வேண்டும். பெற்ற தாயிடமும் கட்டிய துணையிடமும் சொல்லக்கூடாது. சொன்னால் இரண்டு பேருடைய அலைவரிசைகள் மோதி வாக்கு வெடித்துவிடும்.

வாக்கு பொய்த்தால்? அடிகளின் வாக்கு பொய்க்காது. வாங்கியவரின் அலைவரிசைதான் கெட்டிருக்கும். அவருக்கு மட்டும் ஒரு செய்தி போகும்: 'உங்கள் மனதில் ஐயம் கலந்திருக்கிறது. நீங்கள் விலக்கப்படுகிறீர்கள். இது வெளியே தெரிந்தால் குடும்பத்துக்கே கேடு.' வெளியே சொல்ல யாருக்கு மனசு வரும்? தனக்கு அலைவரிசை கெட்டுப்போன சங்கதியைத் தண்டோரா போட்டு அறிவிக்கிறவன் உண்டா?

அதே தெருவில் ஒரு சலவைக்கடை. இரண்டு பெரிய துவைக்கும் இயந்திரங்கள், ஒரு உலர்த்தும் இயந்திரம், நீராவி சீறும் இஸ்திரி மேஜை. கடைக்காரரும் அவர் மனைவியும் கல்யாணமான புதிதில் தொடங்கியது. சலவைக்காரர் கறை விஷயத்தில் எவரையும் நம்பமாட்டார். தேநீர் கொட்டிவிட்டது என்று வாடிக்கையாளர் சொன்னால், சட்டையை மூக்கருகே வைத்து, "இது தேநீர் இல்ல சார், தலைக்குப் பூசுற சாயம்" என்பார். அவரும் தலையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு போவார். அப்பேர்ப்பட்ட மூக்கு, போனைக் கண்டதும் வேலைநிறுத்தம் செய்துவிட்டது.

சேர்ந்த நாளிலிருந்து அவருக்கு வந்த வாக்கு ஒன்றுகூடப் பொய்க்கவில்லை. அதனால் அடிகள் அவரை உள்வட்டத்தில் சேர்த்தார். உள்வட்டத்துக்காரர்களுக்கு மட்டும் 'பெருநுழைவு' என்று ஒரு பாக்கியம். உள்ளதையெல்லாம் விற்று அடிகளின் கணக்கிலேயே போட்டுவிட வேண்டியது. மிச்சத்தைச் சந்தையும் அடிகளும் பேசிக்கொள்வார்கள். சலவைக்காரர் கடையை இயந்திரங்களோடு பக்கத்து ஜிம்காரருக்குக் கொடுத்துவிடத் தீர்மானித்தார். ஞாயிற்றுக்கிழமை கூட்டத்திலேயே கையெழுத்து. ஜிம்காரரின் பணம் நேராக அடிகளின் கணக்குக்குப் போய்விடும். அன்றிலிருந்து அவருக்கும் அவர் மனைவிக்கும் அந்தக் கடையில் ஒரு ஹேங்கர்கூடச் சொந்தமில்லை. மனைவி சம்மதித்துவிட்டாள். சம்மதித்த அன்று ஒரே சட்டையைத் திரும்பத் திரும்ப இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள்.

அந்த வாரம்தான் அவளுடைய தங்கை விடுமுறையில் வந்து சேர்ந்தாள். வானிலை நிலையத்தில் வேலை. சொல்லாமல் மழை பெய்தாலும் திட்டு, சொல்லிப் பெய்யாவிட்டாலும் திட்டு. அதனால் எதிர்காலத்தைப் பற்றிப் பேசும்போது அவளிடம் ஒரு அடக்கம் இருக்கும்.

வந்த அன்று மாலை ஏழு மணிக்கு அக்கா சமையலறைச் சுவரில் மூக்கு உரச நிற்பதைப் பார்த்தாள்.

"அக்கா, செவுத்துல என்ன தெரியுது?"

"ஒண்ணுமில்லடி, கழுத்து வலி. இப்படி நின்னா கொஞ்சம் தேவல."

"மாமாவுக்கும் அதே வலியா? அவர் குளியலறைச் செவுத்தப் பாத்துக்கிட்டு நிக்கிறாரு."

அக்காவுக்கு முகம் வெளுத்தது. கணவரும் சந்தா கட்டியவர் என்பது அவளுக்குத் தெரியும். அவள் கட்டியது அவருக்குத் தெரியாது. கதவைச் சாத்திவிட்டு எல்லாவற்றையும் சொன்னாள். ஒரு செவ்வாய்க்கிழமை அவளுக்கு 'இறங்கும்' என்று வந்ததாம். காயின் ஏறிவிட்டது. விலக்கிவிட்டார்கள். அடிகளின் காலணி ரொம்ப விலையாக இருக்கிறதே என்று முந்தின நாள் மனதுக்குள் நினைத்தாளாம், அதுதான் காரணமாம். பரிகாரமாகப் போனை ஈரத்துணியில் சுற்றி வடக்குப் பார்த்து வைக்கச் சொன்னார்கள். போன் பரிசுத்தமானது. அதன்பிறகு ஒரு பாவ அழைப்பும் அதில் வரவில்லை, எந்த அழைப்புமே வரவில்லை. புதுப் போன் வாங்கி, புது எண்ணில், மறுபிறவிக் கட்டணம் செலுத்தி மறுபடியும் சேர்ந்திருக்கிறாள். இந்த முறை இதுவரை எல்லாம் சரியாகவே வந்திருக்கிறதாம்.

தங்கை நிதானமாகக் கேட்டாள். "அந்தச் செவ்வாய்க்கிழமை மாமாவுக்கு என்ன வந்துச்சு?"

"அவருக்கென்ன, எப்பவும் சரியாத்தான் வரும்."

"அப்படின்னா அவருக்கு ஏறும்னு வந்திருக்கு. உனக்கு இறங்கும்னு. ஒரே சாயங்காலம், ஒரே காயின்."

தங்கை நேராக மாமாவிடம் போய் நின்றாள். இத்தோடு விஷயம் முடிந்துவிடும் என்று நினைத்தாள். வானிலை தெரிந்த அளவுக்கு அவளுக்கு மாமாவைத் தெரியாது.

சலவைக்காரர் முழுவதையும் கேட்டுவிட்டு, பின்னால் வந்து நின்ற மனைவியை மேலும் கீழும் பார்த்தார். எத்தனை முறை துவைத்தும் போகாத கறையைப் பார்ப்பாரே, அந்தப் பார்வை.

"அடிகள் சொன்னது சரியாப் போச்சு பாத்தியா. இந்த வீட்லயே அலைவரிசை கெட்ட ஆள் இருந்திருக்கு. எனக்குத்தான் தெரியல."

இத்தனை வருஷம் ஒரே மேஜையில் எதிரெதிரே நின்று உழைத்தவள் தலையைக் குனிந்துகொண்டாள். தங்கைக்கு அதுதான் தாங்கவில்லை. கடை போவது ஒருபக்கம் இருக்கட்டும், அக்கா அதை நம்பித் தலைகுனிகிறாளே.

"மாமா, நாளைக்கு மழை வரும்னா நான் இன்னைக்கே சொல்லியாகணும். நனைஞ்சு வந்தவங்கிட்ட உன் உடம்பு சரியில்ல, அதான் ஈரம்னு சொன்னா என்னைய வேலைய விட்டுத் தூக்கிருவாங்க."

"அது உத்தியோகம்மா. இது ஞானம்."

ஞானத்தோடு வாதாட முடியாது என்று அவளுக்குப் புரிந்தது. ஒரே ஒரு உதவி கேட்டாள். ஞாயிற்றுக்கிழமை கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் அடிகளிடம் ஒரு கேள்வி கேட்க வேண்டும். இன்றைக்கு வாக்கு வாங்கியவர்களில் யாருடைய அலைவரிசை கெட்டிருக்கிறது? விலை அசைவதற்கு முன்னால், இப்பொழுதே சொல்ல வேண்டும். சொல்லிவிட்டால் தன் சேமிப்பையும் கொண்டுவந்து கொட்டுவதாகச் சொன்னாள். முக்காலமும் உணர்ந்தவருக்கு இதெல்லாம் ஒரு கேள்வியா என்று சிரித்துக்கொண்டே மாமா ஒப்புக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை மாடிக் கூடம் பிதுங்கியது. ஏழு மணி நெருங்கியதும் எல்லாரும் சுவரைத் தேடினார்கள். கூடத்துக்கு இருந்தது நாலே சுவர். நடுவில் மாட்டிக்கொண்டவர்கள் தவித்தார்கள். அடிகள் கருணை கூர்ந்து, முன்னால் நிற்பவரின் முதுகும் சுவரே என்று அறிவித்தார். அதற்கும் கைதட்டினார்கள். முதல் வரிசையில் ஜிம்காரர் பேனா மூடியைக் கழற்றி வைத்துக்கொண்டு காத்திருந்தார். மெத்தைக் கடைக்காரரும் வந்திருந்தார், கீழே வேலை ஒன்றும் இல்லாததால்.

போன்கள் ஒரே நேரத்தில் சிணுங்கின. சலவைக்காரருக்கு வந்தது 'ஏறும்'. படித்துவிட்டு, பயபக்தியோடு கையை உயர்த்தினார்.

"அடிகளே, ஒரு சின்ன சந்தேகம். சந்தேகம்கூட இல்ல, தெரிஞ்சுக்கத்தான். இங்க இருக்கிறவங்கள்ல யாருக்கு இன்னைக்கு அலைவரிசை கெட்டிருக்கு? இப்பவே சொல்லிட்டீங்கன்னா அவங்க காசாவது தப்பிக்கும்."

அடிகள் புன்னகைத்தார். "அது நாளைக்குத் தெரியும், மகனே."

"நாளைக்குன்னா எனக்கே தெரியுமே, அடிகளே."

கூடத்தில் எங்கோ ஒருவர் இருமினார். அடிகளின் புன்னகை அதே இடத்தில் இருந்தது, ஆனால் அதற்குள் ஆள் இல்லை. கண்ணை மூடி, காதுக் கருவியை அழுத்திக்கொண்டு, குரலைத் தாழ்த்தினார். "ஐயப்படுகிறாய். இதோ, உன் அலைவரிசையே சிதறுகிறது."

பின்னாலிருந்து தங்கை எழுந்தாள். "ரொம்ப நல்லது. மாமாவுக்கு ஏறும்னு வந்திருக்கு. அவர் அலைவரிசை கெட்டதுன்னா நாளைக்குக் காயின் இறங்கும். அப்படித்தானே? இங்க ஏறும்னு வந்தவங்க எல்லாருமே கெட்டவங்க. கொஞ்சம் கை தூக்குங்க, பாப்போம்."

அடிகளுக்கு அவசரம் வந்துவிட்டது. "இல்லை இல்லை, அவருடையது சரியாகத்தான் இருக்கிறது."

"அப்ப இறங்கும்னு வந்தவங்க கெட்டவங்க. அவங்க கை தூக்கட்டும்."

இறங்கும் என்று வந்தவர்கள் இருக்கிறார்களா என்ன? கூட்டம் முதல் முறையாகச் சுவரை விட்டுத் திரும்பி ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தது. முதலில் ஒரு கை எழுந்தது. சலவைக்காரரின் மனைவி. அப்புறம் அங்கொன்று, இங்கொன்று. அப்புறம் கூடத்தில் பாதிக் கைகள் மேலே நின்றன. பக்கத்தில் நின்றவன் போனைப் பிடுங்கிப் பார்த்தார்கள். இத்தனை நாள் இரண்டு அடி தூரத்தில் இருந்த உண்மையைப் பார்க்க அவர்களுக்குத் தேவைப்பட்டது ஒரு அரைவட்டத் திருப்பம்.

தங்கை சுருக்கமாகச் சொன்னாள். பாதிப் பேருக்கு ஏறும், பாதிப் பேருக்கு இறங்கும். தப்பாகப் போனவர்களை வாயை அடைத்து வெளியே தள்ளு. மிஞ்சியவர்களை மறுபடியும் பாதியாகப் பிரி. காயின் எப்படிப் போனாலும், எப்பொழுதுமே சரியாக வந்ததாகச் சத்தியம் செய்ய யாராவது ஒருவர் கட்டாயம் மிஞ்சுவார்.

"அந்த ஒருத்தர்தான் எங்க மாமா. இன்னைக்கு அவர் சொத்த வாங்கிட்டு, நாளைக்கு அவரையும் தள்ளிருப்பாங்க."

மெத்தைக் கடைக்காரர் தாடையைத் தடவிக்கொண்டார். "ஒரு மெத்தையில ஏறும்னும் இன்னொண்ணுல இறங்கும்னும் எழுதி வச்சா, நாளைக்கு என் கடையில ஒரு மெத்தை ஞானியாயிடும். இவ்வளவுதானா சங்கதி?"

அடிகள் சந்தை தன்னை அழைப்பதாகச் சொல்லிவிட்டுப் பின்கதவு வழியாக மாடிப்படிக்கு ஓடினார். ஆனால் அவரால் இறங்க முடியவில்லை. படி முழுவதும் புதிதாகச் சேர வந்தவர்களின் வரிசை. உள்ளே நடந்தது அவர்களுக்குத் தெரியாது, அடிகளை முன்னே பின்னே பார்த்ததும் கிடையாது. யாரோ வரிசையை மீறுகிறான் என்று நினைத்து, காலரைப் பிடித்து நிறுத்தினார்கள். காவலர்கள் வந்து சேரும்வரை பிடித்த பிடியை விடவில்லை. தமக்கு முன்னால் எவனும் ஏமாந்துவிடக்கூடாது என்பதில் நம் மக்கள் அத்தனை கண்டிப்பு.

ஜிம்காரர் பேனாவை மூடிப் பையில் செருகிக்கொண்டார். காலியான கூடத்தில் சலவைக்காரர் மனைவியின் பக்கத்தில் போய் நின்றார். மன்னிப்புக் கேட்டுப் பழக்கமில்லாத வாய், கொஞ்ச நேரம் திறந்து மூடியது.

"உன் அலைவரிசையில ஒண்ணும் கோளாறு இல்லையாம்."

"என்கிட்ட இல்ல, தெரியும். உங்ககிட்டதான் இருக்கு. ஊற வச்சுப் பாக்கிறேன், போகுதான்னு. வாங்க, கடைய மூடாம வந்திருக்கோம்."

மறுநாள் காவல் நிலையத்தில் பெரிய கூட்டம். பாதிப் பேர் புகார் கொடுக்க வந்தவர்கள். மீதிப் பாதி, அடிகளை அடைத்திருந்த அறைக் கம்பிகளுக்கு அருகே குனிந்து, "நாளைக்கு ஏறுமா, இறங்குமா, எனக்கு மட்டும் சொல்லுங்க" என்று கெஞ்ச வந்தவர்கள். அன்று அடிகள் ஒரு வார்த்தையும் பேசவில்லை. அந்த மௌனத்திலேயே ஏதோ குறிப்பு இருக்கிறது என்று இரண்டு பேர் காயின் வாங்கிவிட்டதாகக் கேள்வி.

உங்களிடமும் ஒருவன் வருவான். தன் வாக்கு பலித்த ஆட்களை வரிசையாக நிறுத்திக் காட்டுவான். பலிக்காத ஆட்களை எந்த அறையில் போட்டுப் பூட்டினாய் என்று கேளுங்கள். கேட்கக் கூச்சமாக இருந்தால் தாராளமாகப் பணத்தைக் கொடுத்துவிடுங்கள். யோசிக்க மாட்டேன் என்று பிடிவாதம் பிடிப்பவனிடம் பணம் மட்டும் எதற்காக இருக்க வேண்டும்?