கேமராவைப் பாருங்க சார்

அன்று காலை பல் தேய்த்துக்கொண்டே ஒரு முடிவுக்கு வந்தேன். இன்று ஒரு நாளாவது என் கடைக்கு நானே முதலாளியாக இருப்பது.

இதில் முடிவு செய்ய என்ன இருக்கிறது என்று நீங்கள் கேட்கலாம். உங்களுக்கு இன்னும் கல்யாணம் ஆகவில்லை போலிருக்கிறது.

எங்களுடையது திரைச்சீலைக் கடை. ஜன்னல் திரை, வாசல் திரை, ஆஸ்பத்திரிக் கட்டில்களைச் சுற்றித் தொங்கும் திரை, எல்லாம் அளவெடுத்துத் தைத்துக் கொடுப்போம். பலகையில் என் பெயர். வங்கிக் கணக்கில் என் பெயர். கடைக்குள்ளே மட்டும் அந்தப் பெயரை யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. துணி வந்தாலும் சரி, தையற்காரருக்குக் கோபம் வந்தாலும் சரி, "அம்மா எங்கே?" என்பார்கள். நான் கல்லாவில் உட்கார்ந்திருப்பேன். வெயில் பட்டு வெளுத்துப்போனதால் யாரும் வாங்காத சாம்பிள் துணியைப் போல.

கணக்கில் தன் பெயரையும் சேர்க்கும்படி மனைவி பல வருஷமாகக் கேட்டுவந்தாள். "பாக்கலாம்" என்று நானும் பல வருஷமாகச் சொல்லிவந்தேன். என் கையில் மிச்சமிருந்தது அந்த ஒரு "பாக்கலாம்"தான். அதையும் கொடுத்துவிட்டால் அப்புறம் எதைப் பிடித்துக்கொண்டு நிற்பது?

இந்த நிலையில்தான் வங்கியிலிருந்து செய்தி வந்தது. கறுப்புப் பணத்தை வெள்ளையாக்குகிறவர்களைப் பிடிக்க விதிகளை இறுக்கியிருக்கிறார்களாம். கடையை உண்மையில் நடத்துவது யார் என்று வீடியோ அழைப்பில் சரிபார்ப்பார்களாம். அதுவரை கணக்கிலிருந்து பணம் வெளியே போகாதாம். ஆஸ்பத்திரிக்காரர்கள் ஒரு மாடி முழுவதற்கும் திரை கேட்டிருந்தார்கள். மில்லுக்குப் பணம் போனால்தான் துணி வரும். துணி வராவிட்டால் நோயாளிகள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தபடி படுத்திருக்க வேண்டியதுதான். ஆர்டர் வேறு கடைக்குப் போய்விடும்.

முதல் அழைப்பு முந்தின நாள் வந்தது. சாப்பாட்டு மேஜையில் கைபேசியைத் தண்ணீர்க் கூஜாமேல் சாய்த்துவைத்து உட்கார்ந்தேன். என் இடப்பக்க நாற்காலியில் மனைவி பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள். கைபேசியில் வங்கி அதிகாரியின் முகம் தெரிந்தது. எனக்கு மகள் இருந்தால் அந்த வயதுதான் இருக்கும்.

"உங்க தொழில் என்ன சார்?"

மனைவியைப் பார்த்தேன். "திரைச்சீலை."

"எத்தனை பேர் வேலை செய்யறாங்க?"

மனைவியைப் பார்த்தேன். கத்தி பிடித்த கையோடு நாலு விரலைக் காட்டினாள். "நாலு."

"கேமராவைப் பாருங்க சார். பக்கத்துல யாரு?"

மனைவியைப் பார்த்தேன். "யாருமில்லையே."

"யாருமில்லைங்கறதை யாரைக் கேட்டுச் சொல்றீங்க?"

மறுபடி மனைவியைப் பார்த்தேன்.

"சார், தப்பா எடுத்துக்காதீங்க. நீங்க பினாமியோன்னு சந்தேகமா இருக்கு. நாளைக்குப் பதினோரு மணிக்கு மறுபடி கூப்பிடுவேன். ரூம்ல நீங்க மட்டும்தான் இருக்கணும். நாளைக்கும் இப்படின்னா கணக்கை முடக்கிடுவாங்க."

முகம் மறைந்தது. பினாமி! அடுத்தவர் சொத்துக்குத் தன் பெயரை இரவல் கொடுத்துவிட்டுத் திரிகிறவன். என் கடைக்கு நானே பினாமி!

"அந்தப் பொண்ணு சரியாத்தானே கேக்குது?" என்றாள் மனைவி.

"நீ பக்கத்துல உக்காந்தா எனக்கு எப்படிப் பேச்சு வரும்?"

"நான் வாயே தொறக்கலையே. பீன்ஸ்தானே நறுக்கிட்டு இருந்தேன்."

"விரலைக் காட்டினியே!"

"காட்டலைன்னா என்ன சொல்லியிருப்பீங்க?"

யோசித்துப் பார்த்தேன். "மூணு."

"தையற்காரர் காதுல விழுந்தா நாளைக்கே மூணாயிடும். பேசாம என் பேரையும் சேத்துடுங்களேன். நானே பேசி முடிச்சுடறேன்."

"பாக்கலாம், பாக்கலாம். நாளைக்கு நீ உங்க அக்கா வீட்டுக்குப் போயிடு. நான் தனியாப் பேசிக்கறேன்."

"சரிங்க."

அந்தச் "சரிங்க"விலேயே நான் உஷாராகியிருக்க வேண்டும். அவள் வாயில் அந்தச் சொல்லைக் கேட்டு எவ்வளவோ காலமாயிற்று. மழையைப் பார்க்காத நிலம் தூறலைக் குறை சொல்லுமா? மயங்கிவிட்டேன்.

மறுநாள் என் சட்டைக்கு அவளே இஸ்திரி போட்டுக் கொடுத்தாள். ஒரு பெரிய பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினாள். அக்கா வீடு என்றால் பை பெரிதாகத்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். வாசலில் திரும்பி நின்று, "தைரியமாப் பேசுங்க" என்றாள். எனக்குக் கண் கலங்கியது.

அவள் போனதும் வீடு பெரிதாகிவிட்டது. குளிர்சாதனப் பெட்டி பெருமூச்சு விடுவது கேட்டது. குழாய் ஒவ்வொரு சொட்டாக எதையோ எண்ணிக்கொண்டிருந்தது. அவளுடைய நாற்காலியில், முதுகுக்கு வைத்துக்கொள்ளும் சின்னத் தலையணை மட்டும் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தது. அவள் உட்கார்ந்திருந்தால்கூட எனக்கு அவ்வளவு பயம் வந்திருக்காது.

சரியாகப் பதினோரு மணிக்கு அழைப்பு வந்தது.

"தனியா இருக்கீங்களா சார்?"

"சத்தியமாத் தனியா." கைபேசியைச் சுழற்றி அறை முழுவதையும் காட்டினேன். மேஜைக்கு அடியிலும் காட்டினேன்.

அதிகாரி ஒருமுறை பக்கவாட்டில் பார்த்துவிட்டுக் கேட்டாள். "துணி எந்த மில்லுல வாங்கறீங்க?"

என் கழுத்து தானாக இடப்பக்கம் திரும்பியது. தலையணை வாயைத் திறக்கவில்லை.

"நல்ல பேருள்ள மில்லு."

"அந்தப் பேரைத்தான் சார் கேட்டேன்."

"ரொம்ப நல்ல பேரு."

அவள் மறுபடி பக்கவாட்டில் பார்த்தாள். "ஆஸ்பத்திரி ஆர்டர் என்ன கலர்?"

தலையணையைப் பார்த்தேன். ஆஸ்பத்திரி என்றால் வேறென்ன? "பச்சை."

"நீலம்னு இல்ல..." என்று ஆரம்பித்தவள் சட்டென்று நிறுத்திக்கொண்டாள். இந்த வங்கிக்குத் தெரியாத விஷயமே கிடையாதா என்று வியந்தேன்.

"சார், அந்தக் காலி நாற்காலியை ஏன் பாக்கறீங்க?"

"பழக்கம்மா."

அவள் குரல் மெதுவாயிற்று. "உங்க பேரை மட்டும் வெச்சுக்கிட்டு வேற யாராவது கடையை நடத்தறாங்களா? பயப்படாம சொல்லுங்க. யாரும் உங்களை ஒண்ணும் பண்ண முடியாது."

இத்தனை வருஷத்தில் என்னை இவ்வளவு பரிவாக யாருமே விசாரித்ததில்லை. பல் தேய்க்கும்போது எடுத்த முடிவு அந்த இடத்திலேயே கரைந்து ஓடியது.

"ஆமாம்மா! எல்லாம் அவதான். துணி எடுக்கறது அவ. அளவு எடுக்கறது அவ. ஆள் எடுக்கறது அவ. நான் தூசி தட்டறதோட சரி. அதுலயும் குத்தம் சொல்லுவா."

"எத்தனை நாளா இப்படி?"

"கல்யாணம் ஆன நாள்ல இருந்து."

"அவங்க இப்ப எங்க இருக்காங்க?"

"அக்கா வீட்டுக்கு அனுப்பிட்டேன்" என்றேன், கொஞ்சம் மிடுக்காகவே.

அதிகாரி வாயைக் கையால் மூடிக்கொண்டாள். சிரித்தாளா, இருமினாளா, இன்றுவரை எனக்குத் தெரியாது. பிறகு கேமராவை மெல்லத் திருப்பினாள்.

பக்கத்து நாற்காலியில் என் மனைவி. மடியில் பெரிய பை. கையில் வங்கியில் கொடுத்த காப்பித் தம்ளர்.

"மேடம் காலையிலேயே நேர்ல வந்துட்டாங்க சார். கடையை நடத்தறது நான்தான்னாங்க. மில்லு பேரு, ஆளுங்க சம்பளம், எந்த வார்டுக்கு எவ்வளவு துணி, எல்லாத்தையும் மனப்பாடமாச் சொன்னாங்க. நீங்க சொல்றதும் அதோட ஒத்துப்போகணும், அதுதான் விதி. ரொம்ப நல்லாவே ஒத்துப்போகுது."

"உங்க... உங்க அக்கா?" என்றேன் மனைவியிடம்.

"அவ சௌக்கியமாத்தான் இருப்பா. பாக்கலாம் பாக்கலாம்னீங்களே, இப்ப நல்லாப் பாருங்க."

பார்த்தேன். வேறு என்ன செய்ய?

அதிகாரி தொடர்ந்தாள். "கடையை உண்மையில நடத்தறவங்கன்னு மேடம் பேரைப் பதிவு பண்ணி, கணக்குலயும் சேத்துடறேன். மத்தியானமே மில்லுக்குப் பணம் போயிடும். ஆனா உங்க சம்மதம் வேணும் சார். யாரையும் பாக்காம, சுயமா, உங்க வாயால சொல்லணும். சம்மதமா, இல்லையா?"

ஆஸ்பத்திரி ஒரு பக்கம். என் ஒரே "பாக்கலாம்" ஒரு பக்கம். கடைசித் தடவையாக அதைச் சொல்லிவிடலாம் என்று மூச்சை இழுத்து, நெஞ்சை நிமிர்த்தி, வாயைத் திறந்தேன். கழுத்து தானாக இடப்பக்கம் திரும்பியது.

கைபேசிக்குள்ளிருந்து குரல் வந்தது.

"அங்க என்ன பாக்கறீங்க? நான் இங்க இருக்கேன்."