மா டின்னுக்குள் ஒரு நொத்தாரிசு

இரண்டு சாட்சி இல்லாமல் பிளேன்டீகூடக் குடிக்காத மனிதர் ஹட்டன் நகரில் ஒருவர்தான் இருந்தார். அவரோடு ஒரே போர்டிங் அறையில் நான்கு வருஷம் காலம் தள்ளினேன்.

ஊரில் அவருக்குப் பெயரே 'ரெண்டு சாட்சி'தான். மஸ்கெலியாப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத் தொழிலாளர் லயத்தில் பிறந்து சட்டத்தரணி ஆனவர். அது போதாதென்று நொத்தாரிசாகிக் காணி வாங்க விற்க உறுதிப் பத்திரம் எழுதியே தீருவேன் என்று நின்றார். அதற்குத் தனியாகப் பரீட்சை எழுதி, மூத்த நொத்தாரிசு ஒருவரிடம் வேலை பழகி, கொழும்புக்கு விண்ணப்பித்து ஆணைப்பத்திரம் வாங்க வேண்டும். பரீட்சையை ஒழுங்காக எழுதினார். வேலை பழகியதென்னவோ எங்கள் மேல்தான்.

ஒருநாள் அடைமழை. நான் படிப்பிக்கும் பாடசாலைக்கு நேரமாகிவிட்டதென்று அவருடைய குடையை இரவல் கேட்டேன்.

"தாராளமா எடுத்துக்கங்க மாஸ்டர். ஒரு சின்னப் பத்திரம் மட்டும் எழுதிக்குவோம்."

எழுதினார். ஒரு கம்பி வளைந்திருப்பதுவரை எழுதினார். போர்டிங் வீட்டம்மாவையும் பால்காரரையும் சாட்சிக்கு நிறுத்தி, உரக்க வாசித்து, "வெளங்குச்சுங்களா?" என்று மூன்று பேரிடமும் தனித்தனியாகக் கேட்டார். நாங்கள் கையெழுத்துப் போட்டு முடித்தபோது வெயில் அடித்தது.

இன்னொரு முறை நோர்வூட்டில் அடையாள அட்டை இல்லாமல் பொலிசில் மாட்டிக்கொண்டேன். தெய்வாதீனமாக அந்தப் பக்கம் வந்தார் ரெண்டு சாட்சி. "இந்த ஆளைத் தெரியுமா?" என்று பொலிஸ்காரர் சிங்களத்தில் கேட்டார். இவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். ரெண்டு வருஷமாக ஒரே அறையில் இருப்பதாகவும், ஆனால் 'அறிவேன்' என்று உறுதியாகச் சொல்ல இன்னும் போதுமான ஆதாரம் இல்லையென்றும் பதில் சொன்னார். ஒரு மணி நேரம் பொலிஸ் நிலைய மர வாங்கில் உட்கார்ந்திருந்தேன்.

"ஏன் அண்ணே இப்புடிப் பண்ணுனீங்க?"

"கையெழுத்து வைக்கிற ஆளை அறிவேன்னு நொத்தாரிசு எழுதணும் மாஸ்டர். அந்த வார்த்தையை இப்பவே கண்டபடி செலவழிச்சா நாளைக்கு எவன் நம்புவான்?"

ஒரு வாரம் அவரோடு பேசவில்லை. அவர் அதைக் கவனிக்கவேயில்லை.

விண்ணப்பம் எழுதும்போது போர்டிங் விலாசத்தைக் கொடுக்கச் சொன்னேன். லயத்துக்குத் தபால்காரர் வரமாட்டார். கடிதமெல்லாம் தோட்ட ஆபீசில் கிடந்து, எப்போதாவதுதான் கைக்கு வரும்.

"எனக்கு நிரந்தர வீடு லயம்தானுங்களே. மொத வரியிலயே பொய்யா?"

லயத்தின் எண், அதில் அவர் வீட்டறையான காம்பிராவின் எண் இரண்டோடும் விலாசம் போனது. மாதங்கள் ஓடின. கொழும்புக்குப் போன் பண்ணினால் தபாலில் வரும் என்றார்கள். மனிதர் மெலிந்துபோனார். அப்போதுதான் ஒருநாள் சொன்னார்: "எங்கம்மா ஆயுசு முழுக்க, யாரும் வாசிச்சுக் காட்டாத கடுதாசியிலதான் பெருவெரல் வச்சிருக்கு மாஸ்டர்." அதன்பிறகு குடைப் பத்திரத்தைச் சொல்லி அவரைக் கேலி செய்ய எனக்கு வாய் வரவில்லை.

தீபாவளிக்கு அவருடைய லயத்துக்குப் போனோம். அம்மா ரொட்டி சுட உட்கார்ந்தார். எனக்கு மூன்றாவது ரொட்டி போடக் கோதுமை மா டின்னைக் கவிழ்த்துத் தட்டியபோது, மாவோடு விழுந்தது ஓர் அரசாங்க உறை.

அம்மாவின் முகம் வெளுத்துவிட்டது. "சிங்களத்துல இருந்துச்சுய்யா, முத்திரை வேற. காம்பிராவ விட்டுப் போகச் சொல்றாங்களோன்னு பயந்துட்டேன். ஒனக்குத் தெரிஞ்சா மனசு ஒடஞ்சிருமேன்னுதான் ஒளிச்சு வச்சேன்."

ரெண்டு சாட்சி கோபப்படவில்லை. உறை பிரிக்கப்படவில்லை என்பதைப் பார்க்கப் பக்கத்துக் காம்பிராவிலிருந்து இரண்டு பேரைக் கூப்பிட்டார். அவர்கள் பார்த்தார்கள். பிறகு உறையை என்னிடம் நீட்டினார்; நான்தான் பிரித்துக் கொடுத்தேன். ஆணைப்பத்திர விஷயமாகக் கொழும்புக்கு வரச் சொல்லியிருந்தார்கள். கெடுவுக்கு மூன்றே நாள் பாக்கி.

அவர் அம்மாவின் முன்னால் சம்மணமிட்டு உட்கார்ந்து, ஒவ்வொரு வரியையும் தமிழில் சொன்னார். "வெளங்குச்சாம்மா?"

"வெளங்குச்சுய்யா. வீட்ட விட்டுப் போகச் சொல்லல."

போன வருஷம் நோர்வூட்டில் எட்டு பேர்ச் காணி வாங்கினேன். உறுதி எழுத நொத்தாரிசு ரெண்டு சாட்சியிடம்தான் போனேன். எனக்கு எதிரிலேயே என் அடையாள அட்டையை இரண்டு தடவை சரிபார்த்தார். அட்சரம் விடாமல் வாசித்து, "வெளங்குச்சுங்களா மாஸ்டர்?" என்றார். சாட்சிகள் கையெழுத்திட்டார்கள். முத்திரை குத்தினார். பிளேன்டீ வாங்கித் தந்தார்.

பஸ்ஸில் வரும்போதுதான் கடைசிப் பக்கத்தைப் பார்த்தேன். கையெழுத்திட்டவரைத் தாம் அறிவதாக எழுதி, அதன்கீழ் கையொப்பம் வைத்திருந்தார். காணியைப் பார்க்க நான் அவ்வளவாகப் போவதில்லை. அந்த வரியைத்தான் அடிக்கடி எடுத்துப் பார்க்கிறேன்.