வாய் மூடிய வாத்தியார்

இனிமேல் பாடம் நடத்தும்போது வாயையே திறப்பதில்லை என்று போன பனிக்காலத்தில் ஒரு தீர்மானம் எடுத்தேன். எங்கள் பிட்லாரன் ஊர் கிளப்பில் டூகல் ரென்னியாகிய நான்தான் கால்ஃப் வாத்தியார். இத்தனை வருஷம் பேசிப் பேசி நான் கண்ட பலன் தொண்டைக் கரகரப்பு மட்டும்தான். தோளைத் திருப்புங்கள் என்பேன், இடுப்பைத் திருப்புவார்கள். தலையை ஆட்டாதீர்கள் என்பேன், சரி என்று தலையை ஆட்டுவார்கள்.

ஆகவே ஒரு மெஷின் வாங்கினேன். பந்துக்குப் பின்னால் வைத்துவிட்டால் போதும். மட்டை எந்தக் கோணத்தில் வந்தது, பந்து எத்தனை சுற்றுச் சுற்றியது, எங்கே போய் விழும், எல்லாவற்றையும் திரையில் எண்களாகக் கொட்டிவிடும். வாத்தியார் பக்கத்தில் கைகட்டி நின்றால் ஆச்சு.

அதில் ஒரு சின்னச் சிக்கல். மெஷின் வாங்கிய பணம் புது அடுப்புக்காகச் சேர்த்தது. என் மனைவி இஷ்பெல் கிளப்பின் தேநீர் அறையை நடத்துகிறாள். அங்கே விற்கும் ஸ்கோன் ரொட்டியை எங்கள் வீட்டு அடுப்பில்தான் சுடுவாள். அடுப்பின் கதவு தானாக மூடி நிற்காது. என் பழைய மட்டை ஒன்றைத்தான் முட்டுக்கொடுத்து வைத்திருந்தோம். ரொட்டி ஒரு பக்கம் கருகும், மறுபக்கம் வெளிறும்.

நான் பெட்டியைப் பிரித்தபோது அவள் மாவு பிசைந்துகொண்டிருந்தாள்.

"டூகல், இதுல ரொட்டிய எங்க வைக்கணும்?"

"இது அடுப்பு இல்ல இஷ்பெல்."

"அதான் பாத்தேன். கதவையே காணோம்."

"இது பாடம் நடத்துற மெஷின். இனிமே நான் பேசவே வேண்டியதில்ல."

"உன் வாயை மூடவா இவ்வளவு செலவு? சொல்லியிருந்தா நானே இனாமா மூடிவிட்டிருப்பேனே."

"கிண்டல் பண்ணாத. பேச்சுல யாருக்கும் ஆட்டம் வராது. எண்தான் சொல்லிக்குடுக்கும்."

"புது கேப்டனுக்கும் சொல்லிக்குடுக்குமா?"

அங்கேதான் என்னைப் பிடித்தாள். வசந்தம் பிறந்ததும் கிளப்பின் புது கேப்டன் ஊரே பார்க்க முதல் பந்தை அடிக்க வேண்டும். குட்டிப் பீரங்கி ஒன்று வெடிக்கும். பந்து எங்கே போகிறதோ அதுவே அவருக்குப் பெயராகிவிடும். போன கேப்டன் அடித்தது குளத்து வாத்துக் கூட்டத்துக்குள் போனது. இப்போது தேவாலயத்தில் பாதிரியார்கூட அவரை வாத்து என்றுதான் விசாரிக்கிறார்.

இந்த வருஷம் டாக்டர் கார்ஸ்வெல். ஓய்வு பெற்ற பல் வைத்தியர், தங்கமான மனிதர். ஊரில் பாதிப் பேருடைய பல் அவர் கையால் போனதுதான். அதனால் அந்தப் பாதி ஊரும் ஆவலோடு காத்திருந்தது. முதல் பந்து அடிக்கும் இடத்துக்கு எதிரே ஓடும் ஓடையை அவர் பந்து ஒருநாளும் தாண்டியதில்லை. பயத்தில் மனிதர் சரியாகத் தூங்குவதுகூட இல்லை.

"கேப்டன் பந்து ஓடையைத் தாண்டினா மெஷின் ஜெயிச்சுதுன்னு அர்த்தம். அப்புறம் நீ அடுப்புப் பேச்சையே எடுக்கக் கூடாது" என்றேன்.

"எடுக்க மாட்டேன். தாண்டலைன்னா?"

"மெஷினைத் திருப்பிக் குடுத்துடறேன்."

"நியாயம். இந்தப் பேச வேண்டியதில்லங்கிற விஷயத்தைக் கிளப் கமிட்டிலயும் சொல்லிடேன். பாவம், அவங்களும் தெரிஞ்சுக்கட்டும்."

அவளுடைய அக்கறை எனக்குப் பிடித்திருந்தது. கமிட்டியில் எழுந்து நின்று முழங்கினேன். இனி மெஷின்தான் வாத்தியார், அதைப் போட்டுவிட ஓர் ஆள் இருந்தால் போதும், மற்றதை அது பார்த்துக்கொள்ளும் என்றேன். எல்லோரும் தலையை ஆட்டினார்கள்.

தேநீர் அறைக்குப் பக்கத்துப் பயிற்சிக் கொட்டகையில் கேப்டனுக்குப் பாடம் ஆரம்பித்தேன். முதல் பந்து கொட்டகைச் சுவரில் மோதித் திரும்பி வந்து அவர் காலடியிலேயே நின்றது.

"ரென்னி, திரையில என்னமோ வந்திருக்கே. இது நல்லதா, கெட்டதா?"

நான் திரையைக் காட்டினேன்.

"அது தெரியுது. நான் என்ன பண்ணணும்?"

மறுபடியும் திரையைக் காட்டினேன். தீர்மானம் என்றால் தீர்மானம்தான். பல் பிடுங்கும் நாற்காலியில் தானே வாயைத் திறந்து உட்கார்ந்தவர்போல விழித்துவிட்டு, அவர் நேரே தேநீர் அறைக்குப் போனார். ஒவ்வொரு பாடம் முடிந்ததும் அங்கேதான் போனார். பாவம், தாகம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

கொஞ்ச நாளில் எண்கள் திருந்தின. பந்து நேராகப் போனது. மெஷினைத் துணியால் துடைத்துவைத்தேன், முத்தம் கொடுக்காத குறை. ஒன்றுதான் எனக்கு விளங்கவில்லை. ஒவ்வோர் அடிக்கும் முன்னால் கேப்டன் பந்தைப் பார்த்து ஏதோ முணுமுணுத்தார்.

அந்த நாள் வந்தது. கடற்காற்று தொப்பியைப் பிடுங்கியது. ஊர் முழுக்கக் கூடியிருந்தது. கேப்டன் குனிந்து பந்தை வைத்தார். பக்கத்தில் நின்றிருந்ததால் இந்தத் தடவை எனக்குத் தெளிவாகக் கேட்டது.

"வலிக்கவே வலிக்காது" என்றார் பந்திடம்.

பீரங்கி வெடித்தது. பந்து ஓடையைத் தாண்டி, அதற்கு அப்பாலிருந்த மேட்டையும் தாண்டிப் போயிற்று. பல் போனவர்கள்கூடக் கைதட்டினார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

"பாத்தியா இஷ்பெல்?"

"பாத்தேன். நான் அடுப்பைப் பத்தி ஒண்ணும் கேக்கலையே?"

கேப்டன் பேச எழுந்தார்.

"ரென்னி கமிட்டில சொன்னது சரிதான். அந்த மெஷின் பொய் சொல்றதில்ல. அதனால வாங்கின விலைக்கே கிளப் அதை எடுத்துக்குது. ஆனா அது சொல்றது எனக்கு ஒண்ணும் புரியல. மிஸஸ் ரென்னிதான் தேநீர் ஊத்திக்கிட்டே கேட்டாங்க, பல்லுப் பிடுங்குறப்ப இடுக்கியை எப்படிப் பிடிப்பீங்க டாக்டர்னு. நெரிச்சா பல்லு உடைஞ்சுடும், மெதுவா, ஆனா விடாமப் பிடிக்கணும்னேன். மட்டையும் அப்படித்தான், பந்தைப் பல்லுன்னு நினைச்சுக்குங்க, ஜன்னலைப் பாத்துக்கிட்டேவா பல்லைப் பிடுங்குவீங்கன்னாங்க. அவ்வளவுதான் நான் படிச்ச பாடம்."

கூட்டம் சிரித்தது. நானும் சிரிக்கப் பார்த்தேன், வரவில்லை.

"மெஷினைப் போட்டுவிட ஓர் ஆள் போதும்னு ரென்னியே சொல்லிட்டார். அந்த ஆள் இனிமே மிஸஸ் ரென்னி. தேநீர் அறையை ரென்னி பாத்துக்குவார். அங்க அவர் அதிகம் பேச வேண்டியதில்ல. அப்புறம் ரென்னி, மெஷின் பணத்துல ஒரு நல்ல அடுப்பு வாங்குங்க. அந்தக் கருகின ரொட்டியத் தின்னு என் பல்லே ஆடுது."

தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். நான் வாயை மூடிக் கெட்டேன். வீட்டுக்கு வரும் வழியில் பொறுக்காமல் கேட்டேன்.

"கமிட்டில சொல்லச் சொன்னதே இதுக்குத்தானா?"

"நீ வாயைத் திறந்தது அந்த ஒரு தடவைதான் டூகல். நீ ரொம்ப நல்லாப் பேசினதா எல்லாரும் சொன்னாங்க."

கோபம் ஒரு வாரம் இருந்தது. பிறகு கொட்டகை ஜன்னல் வழியாக அவள் பாடத்தைப் பார்த்தேன். மெஷினின் எண்ணை ஒரு பார்வை பார்க்கிறாள், பிறகு எதிரில் நிற்கும் ஆளைப் பார்க்கிறாள். மீன்காரருக்கு வலை வீசுகிற கையைச் சொல்கிறாள், தபால்காரிக்கு நாய் குறுக்கே வந்தால் கால் ஊன்றுகிற விதத்தைச் சொல்கிறாள். பந்து போகிறது. எனக்குப் பெருமையாகவே இருந்தது. அவளிடம் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

புது அடுப்பும் வந்துவிட்டது, தேநீர் அறையிலேயே வைத்துவிட்டோம். கதவு கச்சிதமாக மூடுகிறது. நானே பார்த்து எடுத்தேன். உள்ளே எவ்வளவு சூடு, எவ்வளவு ஈரம், எவ்வளவு நேரம், எல்லாம் முகப்பில் எண்ணாக ஓடும். முதல் ரொட்டித் தட்டை நேற்று உள்ளே வைத்துவிட்டு எதிரே கைகட்டி நின்றேன். எண்கள் அத்தனையும் அச்சாகச் சரியாக இருந்தன. புகை வந்தபோதும் சரியாகத்தான் இருந்தன.

பக்கத்துக் கொட்டகையிலிருந்து இஷ்பெலின் குரல் வந்தது.

"டூகல், எண்ணைப் பாத்தது போதும். ரொட்டியப் பாரு."