எலுமிச்சம்பழத்தின் மேல் ஏறிய பீரங்கி வண்டி

பெருமதிப்புக்குரிய மச்சான் அறிவுமதி அவர்களுக்கு,

அடி அண்ணாமலையிலிருந்து உங்கள் தங்கை புருஷன் சக்கரவர்த்தி பணிவோடு எழுதிக்கொள்வது. இங்கே நான் நலம், உங்கள் தங்கை அன்புச்செல்வி என்னைவிட நலம். அங்கே கொச்சியில் நீங்களும் அக்காவும், பிரசவத்துக்கு நாள் பார்த்துக்கொண்டிருக்கும் உங்கள் மகள் மதிவதனியும் சுகமாக இருக்க அண்ணாமலையார் துணை இருப்பார். மாடி ஹாலில் நீங்கள் செய்து வைத்திருக்கும் குட்டிக் குட்டி மாதிரிக் கப்பல்கள் நலமா என்று அடுத்ததாகக் கேட்பீர்கள். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் நான் வாயைத் திறந்ததுமே நீங்கள் கடற்படைக் குரலில் கத்த ஆரம்பித்துவிடுவீர்கள். கடிதம் என்றால் நான் முடிக்கிறவரைக்கும் நீங்கள் என்ன கத்தினாலும் எனக்குக் கேட்காது. முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: முடிவு நல்ல முடிவுதான். நீங்கள் கோபப்பட வேண்டாம், அடித்துப் பிடித்துக் கிளம்பி வரவும் வேண்டாம்.

ஊருக்குப் போகும்போது மாடி ஹாலின் சாவியை என் கையில் வைத்து என்ன சொன்னீர்கள்? "மாப்ள, எதையும் தொடாதீங்க. பிரஷ்ஷால தூசி மட்டும் தட்டுங்க. பௌர்ணமி தாண்டி ஞாயித்துக்கிழமை எங்க கேப்டன் வந்து பார்ப்பாரு. இது மியூசியம்னு அவர் ஒத்துக்கிட்டா போர்டு மாட்டலாம். இல்லன்னா எல்லாத்தையும் அட்டைப்பெட்டியில கட்டிட்டு ஹாலை அன்புகிட்ட குடுத்துடறேன். கிரிவலத்துக்கு வர்றவங்களுக்கு ரூம் விடட்டும்." அன்று நான் பலமாகத் தலையாட்டியதை நீங்கள் கலை ஆர்வம் என்று நினைத்திருப்பீர்கள். கீழ்பென்னாத்தூர் ரைஸ்மில்லில் வேலை போனதிலிருந்து இந்த வீட்டில் எனக்கென்று இருந்த ஒரே துறைமுகம் அந்த ஹால்தான். அதன் பெரிய சிறப்பே யாரும் வரமாட்டார்கள் என்பதுதான். கண்ணாடிப் பெட்டிகளுக்கு நடுவே ஒரு பாய், மேலே ஃபேன், முகத்தின் மேல் பேப்பர். "எங்கங்க போறீங்க?" என்று அன்பு கேட்டால் "மியூசியத்துக்குக் காவல்" என்பேன். பெயரோ சக்கரவர்த்தி, ராஜ்ஜியம் ஒரு பாய் அகலம். அது ரூமாகிவிட்டால் நான் எங்கே போய்ப் படுப்பது? அதனால் கேப்டன் ஒத்துக்கொள்ள வேண்டும் என்று உங்களைவிட அதிகமாக வேண்டிக்கொண்டவன் நான். இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

ஆயுத பூஜை வந்தது. அன்பு மிக்சிக்கு, கிரைண்டருக்கு, அரிவாள்மனைக்கு, என் பைக்குக்கு, கடைசியில் டிவி ரிமோட்டுக்கும் பொட்டு வைத்துவிட்டுச் சந்தனக் கிண்ணத்தோடு மாடி ஏறி வந்தாள். நான் எழுந்து பாயைச் சுருட்டினேன். "ஏங்க, தேங்கா துருவிக்கே பொட்டு வெச்சாச்சி. இங்க இம்மாம் பீரங்கி, இம்மாம் கப்பலு. ஒண்ணுத்துக்கும் பூஜை போடலன்னா எங்கண்ணனுக்குத்தானே ஆகாது?" என்றாள். "மச்சான் தொடக் கூடாதுன்னு சொல்லியிருக்காரு." "தொடாம எப்படிங்க பொட்டு வெக்கிறது?" உங்கள் கடற்படையில் இதற்குப் பதில் இருக்கலாம். நடுவில் ஒரு சமாதானம் பேசிப் பார்த்தேன், பெட்டியின் கண்ணாடிக்கு மட்டும் பொட்டு வைக்கலாம் என்று. "பொட்டு பீரோவுக்கா, உள்ள இருக்கிற ஆயுதத்துக்கா?" என்று கேட்டுக்கொண்டே கண்ணாடியைத் தூக்கிக் கீழே வைத்துவிட்டாள். அதற்கப்புறம் நடந்ததில் எனக்கும் பங்கு உண்டு. என் விரலால் வைத்தால் ஜீப்பே பொட்டுக்குள் போய்விட்டது, ஆகவே காது குடைகிற பஞ்சுக்குச்சியைக் கொண்டுவந்தவன் நான்தான். சாம்பல் நிறக் கப்பல்களில் விபூதி எடுபடவில்லை, குங்குமம் பளிச்சென்று நின்றது. கறுப்பு நீர்மூழ்கிக்கு மட்டும் பட்டை போட்டதும் பாருங்கள், குளித்துவிட்டு வந்த குருக்கள் மாதிரி அப்படி ஒரு களை. விமானம் தாங்கிக் கப்பல் தட்டையாக, நீளமாக, வசதியாக இருந்ததால் பொரி, கடலை, வாழைப்பழம் எல்லாவற்றையும் அதன் மேலேயே பரப்பினோம். ஒரு போர் விமானத்தின் மேல் ஒரு பொரி விழுந்தது. பொரிதான் பெரியது.

இதோடு நிறுத்தியிருப்பேன். எதிர் ஒர்க்ஷாப் ஜானி பாஷா, தன் கடைப் பையன்கள் போட்ட பூஜையின் பொரித்தட்டோடு வந்து சேர்ந்தார். சுற்றி ஒரு பார்வை பார்த்துவிட்டு, "அண்ணே, எல்லாம் ஜோர். சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் எங்க?" என்றார். "பாய், நீங்களுமா?" என்றேன். "நம்ம கடையில வர்ஷா வர்ஷம் லாரிக்கே வெக்கிறானுங்க அண்ணே. பழம் ஏத்தாத வண்டி ரோட்ல நிக்கும்." இருப்பதிலேயே சிறிய பழமாகப் பொறுக்கி எடுத்துப் பீரங்கி வண்டியின் முன்னால் வைத்தோம். வண்டிக்கு எதிரே அது நம் மலை மாதிரி நின்றது. சக்கரம் பழத்தை நசுக்க வேண்டும் என்பது சம்பிரதாயம், இங்கே பழம் வண்டியை நசுக்கிவிடும் போல இருந்தது. "மெதுவாத் தள்ளுங்கண்ணே, ஏறிடும்" என்றார் பாய். ஏறிவிட்டது. உச்சியில் ஒரு நிமிஷம், தீபம் ஏற்றப் போனவன் மாதிரி நின்றது. அன்பு கன்னத்தில் போட்டுக்கொண்டாள். அப்புறம் தலைகுப்புற விழுந்து பீரங்கிக் குழாய் தனியாக உருண்டது. "வண்டி மேல தப்பில்லண்ணே. பழம் ஜாஸ்தி, வண்டி கம்மி" என்று தீர்ப்புச் சொன்ன பாய் பசையும் கொண்டுவந்தார். குழாயை நேராக வைக்கும் முன்பே பசை பிடித்துக்கொண்டது. இப்போது அது வானத்தைப் பார்க்கிறது. "விமானத்தைச் சுடற பீரங்கின்னு சொல்லிடுங்கண்ணே, மாமா எங்க தெரிஞ்சிக்கப் போறாரு" என்றார். உங்களைப் பற்றித்தான் சொன்னார்.

மறுநாள் துடைத்துவிடலாம் என்று ஈரத்துணியோடு போனேன். காய்ந்த சந்தனம் பெயின்ட்டையும் கூட்டிக்கொண்டு வருகிறது என்பது ஒரு ஜீப் வெள்ளையான பிறகுதான் தெரிந்தது. போதாக்குறைக்கு விமானம் தாங்கியில் எறும்பு. நீங்கள் கட்டிய கப்பலை அவை சண்டையே போடாமல் பிடித்திருந்தன. நன்றாகக் காய்ந்தால் பொட்டு தானாக உதிரும் என்று பாய் சொன்னதை நம்பி ஐந்து நாள் விட்டுப் பார்த்து, உதிராததால் காற்றோட்டத்துக்காக ரோட்டுப் பக்கப் படிக்கட்டின் கதவைத் திறந்து வைத்தேன். அன்றைக்குப் பௌர்ணமி என்பதை மறந்துவிட்டேன். கிரிவலப் பாதையில் குங்குமமும் கற்பூர வாசனையுமாக ஒரு கதவு திறந்திருந்தால் என்ன ஆகும் என்று நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. முதலில் சந்திரம்மாள் என்று ஓர் அம்மா ஏறி வந்தார். "இது இன்னா சாமிங்க?" "சாமி இல்லம்மா, கப்பலு." "கப்பல்லதான் எம்புள்ள வேலைக்கு எழுதிப் போட்டிருக்கான்" என்று சொல்லி நீர்மூழ்கியின் முன்னால் கண்ணை மூடிவிட்டார். அவர் மூடியதைப் பார்த்துப் பின்னால் வந்தவர் மூட, அவரைப் பார்த்து அடுத்தவர் மூட, வரிசை படியிறங்கி ரோட்டுக்குப் போய்விட்டது. நான் விபூதி கொடுக்கவில்லை மச்சான். அவர்கள் கை நீட்டினார்கள், என் கையில் தட்டு இருந்தது.

வரிசையில் வேட்டி கட்டிய ஒரு பெரியவர், வெறுங்காலோடு வந்து விமானம் தாங்கியின் முன்னால் நின்றவர் நகரவே இல்லை. "தள்ளுங்க பெரியவரே, பின்னால ஆள் இருக்குது" என்றேன். "இது எவ்வளவு ஆழத்துல போகும்?" என்று கேட்டார். "கடல் எவ்வளவோ அவ்வளவு" என்றேன், பொறுப்பாளர் என்ற தோரணையில். "இதுல நான் கேப்டனா இருந்தேன்" என்றார். ஞாயிற்றுக்கிழமை வருகிறவர் கிரிவலத்தையும் முடித்துக்கொள்ளலாம் என்று பௌர்ணமிக்கே வந்துவிட்டார்! அப்புறம் கப்பலைச் சோதனை போடுகிறவர்கள் செய்வார்களாமே, அதேபோல ஒரு விரலை மேல்தளத்தின் இந்தக் கோடியில் வைத்து அந்தக் கோடி வரைக்கும் இழுத்தார். விரலைத் தூக்கிப் பார்த்தார். தூசி இல்லை. ஆனால் விரல் முழுக்கக் குங்குமம். அவர் விரலைப் பார்க்க, நான் அவரைப் பார்க்க, என் பாய், ஃபேன், பேப்பர் எல்லாம் கண்ணெதிரே அட்டைப்பெட்டிக்குள் போயின. சந்திரம்மாள்தான் பக்கத்திலிருந்து அதட்டினார்: "கீழ சிந்தாதீங்க சார், நெத்தியில வெச்சிக்குங்க." கேப்டன் ஒரு கணம் யோசித்தார். வைத்துக்கொண்டார். "புதுக் கப்பல் தண்ணியில இறங்கறப்ப நாங்களும் தேங்கா உடைச்சித்தான் இறக்குனோம்" என்றார் என்னிடம். "அறிவுமதிகிட்ட சொல்லுங்க, போர்டு மாட்டலாம். அந்தப் பீரங்கியை மட்டும் நேரா வைங்க. ஆகாசத்துல நமக்கு யார் மேலயும் கோபம் இல்ல."

ஆகவே மச்சான், உங்கள் மியூசியம் பிழைத்தது. எல்லாம் நல்லபடியாக நடக்கிறது. நீங்கள் ஒன்றுக்கும் கவலைப்படாமல் பேரப்பிள்ளையைக் கொஞ்சிவிட்டு, தலைக்குத் தண்ணீர் ஊற்றி, பெயர் வைத்து, அது தவழ்ந்து, நடந்த பிறகு வந்தால் போதும். அக்காவுக்கு என் வணக்கம், மதிவதனிக்கு ஆசிகள், பிறக்கப் போகிற கப்பல்காரனுக்கோ கப்பல்காரிக்கோ முன்கூட்டியே ஒரு முத்தம்.

இப்படிக்கு,
தங்கள் அன்பு மாப்பிள்ளை
சக்கரவர்த்தி
(தற்காலிகப் பொறுப்பாளர்)

பின்குறிப்பு: மேலே உள்ளதெல்லாம் அன்பு பக்கத்தில் உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தபோது எழுதியது. இப்போது அவள் போர்டு எழுதக் கொடுக்க வேங்கிக்கால் போயிருக்கிறாள், அதனால் உண்மையைச் சொல்கிறேன். ரூம் விடுகிற யோசனையை விட்டுவிட்டாள். படிக்கட்டின் கீழே செருப்புக்கு டோக்கன் போடுகிறாள். பௌர்ணமி இல்லாத நாளிலும் ஜனம் வருகிறது. என் பாய் கிடந்த இடத்தில் வரிசைக்குக் கயிறு கட்டியாகிவிட்டது, கற்பூரம் அணைகிறது என்று ஃபேனையும் நிறுத்திவிட்டார்கள். நான் மோட்டார் ரூமில் தண்ணீர்க் குழாய்க்குப் பக்கத்தில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். மச்சான், கோபப்படுங்கள். குழந்தை முகத்தைப் பார்த்த கையோடு கிளம்பி வாருங்கள். வாசலில் நின்று "தொடாதீங்கன்னு சொன்னனே!" என்று தெருவே கேட்கக் கத்தி, அத்தனை பேரையும் வெளியே அனுப்பிக் கதவைச் சாத்துங்கள். மேலே வந்ததும் கோபம் ஆறிவிடுமோ என்று பயப்பட வேண்டாம். அதற்காகத்தான் அந்தப் பீரங்கியை இன்னும் நேராக்காமல் வைத்திருக்கிறேன்.